அம்மாவுக்குக் கதவு எங்கே?

ஆகஸ்டு விடுமுறை வந்துவிட்டது. கச்சான் காற்று புழுதியை வாரி முற்றமெங்கும் இறைக்கிறது. பாடசாலைகள் பூட்டிக் கிடக்கின்றன. அங்கிருந்த சத்தமெல்லாம் பங்கு பிரிக்கப்பட்டு வீடுகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நமது வீட்டுக்குக் கிடைத்த பங்கு மகள் ஒருத்தியும் மகன் ஒருவனும். அவ்விருவரும் இருபது பேருக்குச் சமானம் என்பதை அயலவர்கள் தயங்காமல் ஒப்புக்கொள்வர்.

இச்சத்தத்தின் நடுவே மேசைமேல் ஒரு கட்டு விடைத்தாள்கள் நமது வருகைக்காகக் காத்திருக்கின்றன. ஆசிரியனுக்கு விடுமுறையில் வேலையில்லை என எண்ணுவோர் ஆசிரியன் வீட்டுக்குள் வந்து பார்த்தவரல்லர். ஆயினும் இது இன்று ஆசிரியனுக்கு மட்டும் உரிய தொல்லையன்று. கணக்காளர், எழுதுநர், கணினித் தொழில் புரியும் இளைஞர் எனப் பலருக்கும் அலுவலகம் வீட்டுக்கே வந்துவிட்டது. ஆதலால், பிள்ளைகள் வீட்டிலிருக்கும் காலத்தில் நாமும் வீட்டிலிருந்து வேலை செய்வது எவ்வாறு என்பதுபற்றி இவ்வாரம் நேயர்களோடு பேச விழைகிறோம்.

இவ்வழக்கத்தை நாம் விரும்பி அழைத்துவரவில்லை. 2020 மார்ச் மாதத்திற் கொரோனா நோய் பரவியபோது பாடசாலைகள் மூடப்பட்டன. அவ்வாண்டு உலகில் 190க்கு மேற்பட்ட நாடுகளில் 150 கோடிக்கு மேற்பட்ட மாணவர் வீட்டிலிருக்க நேர்ந்தது. அத்துன்பம் நீங்கி மூச்சுவிடுமுன் 2022இல் எரிபொருள் முடை வந்தது. ஜூன் 20ஆந் திகதி முதல் அரசாங்க ஊழியர் பலர் இரு வாரங்களுக்கு வீட்டிலிருந்து பணியாற்றுமாறு பணிக்கப்பட்டனர். அம்மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்றாயிற்று. ஜூலையிற் பாடசாலைகளும் மூடப்பட்டன.

திருகோணமலைவாசிகளாகிய நமக்கு இதில் ஒரு வேடிக்கையும் இருந்தது. துறைமுகத்தின் அக்கரையிற் சீனக்குடாவில், பிரித்தானியர் காலத்து எண்ணெய்க் குதங்கள் 99 நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது அழிந்த குதத்தின் கதை இவ்வூரில் யாவரும் அறிந்ததே. அத்தனை குதங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு போத்தல் பெற்றோலுக்காக நாம் வரிசையில் நின்றோம்!

அந்நாட்களில் நமது வீட்டில் நிகழ்ந்ததொன்றைச் சொல்லவேண்டும். அது நமக்குப் பெருமை தருவதன்று.

நமது மனைவியார் அரசாங்க அலுவலகமொன்றில் எழுதுநர். நாமோ கல்லூரி மாணவருக்குக் கணினி வழியே பாடம் நடத்தவேண்டியிருந்தது. இருவர் வேலையும் வேலையே. எனினும் முன்னறையை நாம் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினோம். அவர் தமது கோவைகளைக் குசினிக்கு அருகிலுள்ள சாப்பாட்டு மேசையில் விரித்துக்கொண்டார். இந்த ஏற்பாட்டை எவரும் கூடிப் பேசித் தீர்மானிக்கவில்லை. நீர் பள்ளத்துக்கு ஓடுவதுபோல் அது தானே நிகழ்ந்தது. "அப்பா வேலை செய்யிறார், சத்தம் போடாதேங்கோ" என்ற குரல் நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. அக்குரல் மனைவியாருடையது. அவருக்காக நாம் அப்படி ஒருமுறையேனும் குரல் கொடுத்ததாக நினைவில்லை.

ஒருநாள், மின்வெட்டுக்கு முன்னர் முடித்துவிடவேண்டுமென்று பாடத்தை விரைந்து நடத்திக்கொண்டிருந்தோம். ஐந்து வயது மகன் கதவைத் தட்டினான். தான் செய்த கடதாசிக் கப்பலைக் காட்ட வந்திருந்தான். மூன்றாம் முறை தட்டியபோது கதவைத் திறந்து, பாடங் கேட்கும் மாணவர் செவியிலும் விழுமாறு அவனை அதட்டிவிட்டோம். கப்பல் அவன் கையிலேயே கசங்கிற்று. அவன் அழவில்லை. மெல்ல நடந்து சென்று, எழுதிக்கொண்டிருந்த தாயின் மடியில் ஏறிக்கொண்டான். அவர் இடக்கையால் அவனை அணைத்தபடி வலக்கையால் எழுதுவதைத் தொடர்ந்தார்.

இவையனைத்தையும் பார்த்துநின்ற மகள், தெரியாததைத் தெரிந்துகொள்ளும் குரலிற் கேட்டாள்: "ஏன் அப்பா, அம்மாவுக்கு மட்டும் கதவு இல்லை?"

ஆண்டுதோறும் மாணவருக்கு வினாக்கள் தயாரிக்கும் நமக்கு இவ்வினாவுக்கு விடை தெரியவில்லை. அன்றிரவு நள்ளிரவு கடந்தும் சாப்பாட்டு மேசையில் விளக்கெரிந்தது. பகலில் முடியாத வேலையை அவர் இரவில் முடித்துக்கொண்டிருந்தார். எத்தனை இரவுகளாக அவ்விளக்கு எரிந்ததோ, நாம் அன்றுதான் கண்டோம்.

கொள்ளைநோய் காரணமாக 1665இற் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட, நியூட்டன் கிராமத்து வீட்டுக்குச் சென்று ஒளியைப் பற்றியும் ஈர்ப்பைப் பற்றியும் சிந்தித்தார் என்பதை மாணவர் அறிவர். கொரோனாக் காலத்தில் இக்கதையைப் பலரும் எடுத்துச் சொல்லி நம்மை ஊக்கினர். ஆனால் நியூட்டன் மணம் புரியாதவர். கடதாசிக் கப்பலோடு அவர் கதவைத் தட்ட மகன் இருக்கவில்லை. அவருக்கு உணவு சமைத்தவர் யார் என்பதையும் நாம் படித்த பாடநூல் எதுவும் சொல்லவில்லை. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் கதை வேறு. தனியறை இல்லாத அவர், பலரும் வந்துபோகும் கூடத்திலிருந்து எழுதினார். அங்கே ஒரு கதவு திறக்கும்போதெல்லாம் கிறீச்சிடும். அதைச் செப்பனிட அவர் உடன்படவில்லை. ஆள் வருவதை அறிந்து தாள்களை மறைத்துவைக்க அவ்வொலி உதவிற்றாம். நியூட்டனின் கதவு உலகத்தை வெளியே நிறுத்திற்று. ஆஸ்டினின் கதவு உலகம் உள்ளே வருவதை அறிவிக்க மட்டுமே உதவிற்று. நமது வீட்டிலும் அந்நிலையே இருந்தது.

பிள்ளைகளையும் குறை சொல்வதற்கில்லை. நம் கரையிற் கரைவலை இழுப்போரின் பிள்ளைகள் தந்தையின் வேலையைக் கண்ணாற் காண்கின்றனர். வலை கரையேறினால் அந்தப் பாடு முடிந்தது. உழைப்பின் பயன் மணலிலே துள்ளுகிறது. நமது வேலைக்கு அத்தகைய உருவம் இல்லை. ஒளிரும் திரையை நோக்கியிருக்கும் தந்தை உழைக்கிறாரா, படம் பார்க்கிறாரா என்பதைச் சிறு பிள்ளை எவ்வாறு அறியும்? வேலை எப்போது முடியும் என்பதும் அதற்குத் தெரியாது. ஆகவேதான் கதவைத் தட்டிப் பார்க்கிறது.

மகளின் கேள்விக்குப் பின்னர் சில மாற்றங்கள் செய்தோம். முன்னறை காலையில் மனைவியாருக்கு, பிற்பகலில் நமக்கு என்று முறை வைத்துக்கொண்டோம். உள்ளே ஒருவர் இருக்கும்போது பிள்ளைகளும் அடுப்பும் வெளியே இருப்பவரின் பொறுப்பு. நாம் சமைத்த முதல்நாட் பருப்பு அடிப்பிடித்த வரலாற்றைப் பிள்ளைகள் இன்றும் விருந்தினருக்குச் சொல்லி மகிழ்கின்றனர். அடுத்து, வேலைக்கு உருவம் கொடுத்தோம். "இந்தக் கட்டிலுள்ள தாளெல்லாம் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் போனால் அப்பாவின் வேலை முடிந்தது" என்று மகனுக்குக் காட்டினோம். அவன் காவற்காரனைப் போல் எண்ணத் தொடங்கினான். இறுதியாக, மாலை ஐந்து மணிக்கு எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு டச் பே கடற்கரைக்கும், கோட்டை மான்களைப் பார்ப்பதற்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்வதென உறுதி கொண்டோம். அவ்வுறுதி பிசகினால் மற்றவை யாவும் பிசகும். வாக்குத் தவறாத தந்தையிடம் "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று பிள்ளை அடிக்கடி கேட்பதில்லை.

இவற்றால் வேலை குறைந்துவிடாது. வீடு அமைதியாகிவிடவும் மாட்டாது. முன்னறையே இல்லாத வீடுகளும் உண்டு. அங்கே மேசையின் ஒரு மூலையும் ஒரு மணி நேரமும் கதவாகலாம். அந்த ஒரு மணி நேரம் யாருக்குக் கிடைக்கிறது என்பதே கேள்வி.

நமது முன்னறைக் கதவில் இப்போது ஒரு மட்டை தொங்குகிறது. மகள் எழுதியது. ஒரு பக்கத்தில் "அப்பா வேலை செய்கிறார்". மறுபக்கத்தில் "அம்மா வேலை செய்கிறார்". இதை எழுதும் வேளையில் அம்மாவின் பக்கம் தெரிகிறது. நாம் விறாந்தைக் கதிரையில், மடியில் தாளை வைத்து எழுதுகிறோம். மகன் கடதாசியோடு பக்கத்தில் நிற்கிறான். கப்பலின் முனையை எப்படி மடிப்பது என்று கேட்கிறான்.

எழுதுகோலைக் கீழே வைக்கிறோம்.