எவருடைய மானம்?

சிம்பாங் பூலாய் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும், தோட்டம் கைமாறியபின் ஈப்போவின் மலிவு வீடுகளில் குடியேறிய நம் மக்களிடத்தும் ஒரு விசித்திரமான தர்மம் நிலவுகிறது. புருஷன் பெண்சாதியை அடித்தால் அது குடும்ப விஷயம். அடிபட்டவள் வாய் திறந்தால் மாத்திரம் அது இனத்தின் மானப் பிரச்சினை! அடித்த கையைத் தொடாத மானம் அழுத வாயை மட்டும் வந்து அடைப்பானேன்?

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். இதைக் கட்டியவர் அடிபட்டவராக இருந்திருக்க நியாயமில்லை.

நமது கோயில் பஞ்சாயத்தின் யோக்கியதையைப் பாருங்கள். தலைவர் இருவரையும் அழைக்கிறார். "அவன் கைநீட்டும்படி நீ என்ன பேசினாய்?" என்பதே முதற்கேள்வி. புருஷன் சூடத்தை அணைத்து இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்கிறான். அடுத்த சம்பளம் வரையில் அச்சத்தியம் தாங்கினால் ஆச்சரியமே. அவளோ அதே வீட்டிற்கு, அதே இரவில், ஊரறியப் பிராது சொன்ன குற்றத்தையும் சுமந்துகொண்டு திரும்புகிறாள்.

பிறரைச் சொல்லுவானேன்? தோட்ட ஆபீஸில் கிராணி வேலை பார்க்கும் நாமும் இதில் பங்காளியே. கன்னம் வீங்கிய ஒரு தாய் நம் மேஜை முன் நின்று, "ஐயா, வீட்டை என் பேருக்கு மாற்றித் தரலாகாதா?" என்று கேட்டாள். வீடு வேலையோடு போவது. பதிவில் இருந்தது அவன் பெயர். சட்டத்தை எடுத்துச் சொன்னோம்; பொறுமையாயிரு என்று புத்தியும் சொன்னோம். அடியைவிட்டு வெளியேறினால் கூரையும் போய்விடும் என்பது அவளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. ஒன்றும் பேசாமல் படியிறங்கிப் போனாள்.

இவ்வியாதி நமக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையேயும் இதே வாய்ப்பூட்டு உண்டு. கிம்பர்லே கிரென்ஷா என்னும் கறுப்பினச் சட்டப் பேராசிரியை 1991இல் எழுதிய கட்டுரையொன்றில் இதை ஆராய்ந்திருக்கிறார். தம் இனத்தாரைப் பகைத்து நடத்தும் போலீசாரைத் தன் வீட்டுக்குள் அழைக்க அப்பெண் தயங்குகிறாள். வெளியே சொன்னால் "இவர்களே முரட்டு ஜனங்கள்" என்னும் அவதூறு பலப்படுமென்று சொந்த ஜனங்களும் அவளை அடக்குகிறார்கள். அந்த அச்சம் வெறும் பொய்யென்று நாம் சொல்லவில்லை. இந்நாட்டிலும் போலீஸ் காவலில் நம்மவர் மாண்ட செய்திகளைப் படித்தவர்களுக்கு அது விளங்கும். ஆனால் ஓர் இனம் பட்ட அவமானத்திற்கெல்லாம் ஒரு பெண்ணின் முதுகுதான் வட்டி கட்ட வேண்டுமா?

நிற்க. போலீஸ் என்றால் அஞ்சுவோர்க்கும் வழி இருக்கிறது. மலேசியாவின் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நிறைவேறி, 1996 ஜூன் முதல் அமுலுக்கு வந்தது. 2017இல் செய்த திருத்தம் 2018 ஜனவரி முதல் நடக்கிறது. அதன்படி சமூகநல இலாகா அதிகாரியே அவசரப் பாதுகாப்பு உத்தரவு அளிக்கலாம். அதற்குப் போலீஸ் பிராது தேவையில்லை. விண்ணப்பித்த 2 மணி நேரத்திற்குள் கிடைக்க வேண்டும். 7 நாள் செல்லும். உடம்பில் அடி விழுவது மட்டுமல்ல, மனத்தை வதைப்பதும் இச்சட்டப்படி வன்முறையே. 15999 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம். சூடம் வாங்கிவரச் சொல்லும் தலைவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்டறிந்தார்கள்?

சீர்திருத்தக்காரர்களாகிய நம்மவரையும் விடுவதற்கில்லை. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்குரிமையும் வேண்டுமென்று தீர்மானித்தது. அதே ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயா வந்தார். அவர் படத்திற்கு மாலை போட்டு மேடையில் முழங்கிவிட்டு, அடுத்த வீட்டில் அலறல் கேட்டதும் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டும் தோழர்கள் எத்தனை பேர் என்று நாம் எண்ணத் தொடங்கினால் பகை வளரும், வளரட்டும்.

திருவிழா வரவு செலவை ஒட்டும் பலகை நம் கோயில்தோறும் இருக்கிறது. அதில் அந்த எண்ணையும் தமிழில் எழுதி ஒட்டக் கேட்டோம். கோயிலில் அதெல்லாம் எதற்கென்றார்கள். ஆகவே நமது ஆபீஸ் சுவரில் ஒட்டினோம். முதற் காகிதத்தை எவரோ கிழித்துவிட்டார்கள். இரண்டாவதை, பெண்கள் தண்ணீர் பிடிக்கும் குழாயடிப் பக்கமாக ஒட்டியிருக்கிறோம்.