குதிரைச் சக்தியும் கிலோவாட்டும்

கவலை கட்டி நீரிறைத்த நம் நாட்டில் இழுத்தது எருது. ஆயினும் கவலையின் ஸ்தானத்துக்கு வந்த எஞ்சினையும் மோட்டாரையும் குடியானவர் அளப்பது குதிரையைக் கொண்டே. ஜேம்ஸ் வாட் என்பவர் 18-ஆம் நூற்றாண்டில் தம் நீராவி இயந்திரத்தை ஆலைக் குதிரைகளின் உழைப்போடு ஒப்பிட்டுக் காட்டும்பொருட்டு, நிமிஷத்துக்கு 33,000 ராத்தல் எடையை ஓரடி உயரம் தூக்கும் வேலையை ஒரு குதிரைச் சக்தியென வகுத்தார். 1882-இல் மின்சார அளவு ஒன்றுக்கு அவர் பெயரையே இடவேண்டுமென்ற யோசனை பிறந்தது. ஆக, குதிரைச் சக்தியும் வாட்டும் ஒருவரையே சார்ந்தவை.

ஒரு குதிரைச் சக்தி 746 வாட். மெட்ரிக் குதிரைச் சக்தியோ 735½ வாட். வித்தியாசம் 100-க்கு ஒன்றரைகூட இல்லை. டிராக்டர் வாங்குவோர் இதன்பொருட்டு வாதாடுவது வீண்.

நஷ்டம் விளைவது வேறிடத்தில். மோட்டாரின் தகட்டில் 5 குதிரைச் சக்தி, 3.7 கிலோவாட்டு என்று பொறித்திருப்பது அதன் சுழல்தண்டு வெளியே தரும் சக்தியாகும். அது உட்கொள்ளும் மின்சாரமன்று. 100-க்கு 80 பங்கு திறனுள்ள மோட்டார் முழுப்பளுவில் ஓடுங்கால் சுமார் 4.7 கிலோவாட்டு உட்கொள்ளும். அதாவது மணிக்கு 4.7 யூனிட்டு. கிளம்பும்போது அதனினும் பன்மடங்கு வேண்டும். தகட்டிலுள்ள எண்ணை மட்டும் நம்பி 3.7 கிலோவாட்டு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுப்பவரின் பயிர் வாடுவதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயப் பம்புகளுக்கு மின்சாரம் இலவசமாக இருந்துவருவதால் இந்த வேற்றுமை பணப்பையைத் தொடுவதில்லை. அதனாலேயே, "5 போதாது, 7½ வைத்துவிடலாம்" என்ற பேச்சு எளிதில் எழுகிறது. பெரிய மோட்டார் கிணற்றை விரைவில் வற்றச் செய்யுமேயன்றி ஊற்றைப் பெருக்காது.

வாங்குவோர் முதலிற் கேட்கவேண்டியது குதிரைச் சக்தியன்று. எத்தனை மீட்டர் உயரத்துக்கு விநாடிக்கு எத்தனை லிட்டர் நீர் என்பதே. கணக்கும் கடினமன்று. லிட்டரை மீட்டரால் பெருக்கி 75-ஆல் வகுத்தால் நீருக்கு வேண்டிய மெட்ரிக் குதிரைச் சக்தி கிடைக்கும். குழாயின் உராய்வையும் சேர்த்து 20 மீட்டர் உயரத்துக்கு விநாடிக்கு 10 லிட்டர் வேண்டுமாயின், அது 2⅔ ஆகும். பம்பின் திறன் 100-க்கு 60 எனின், ஏறக்குறைய 4½ குதிரைச் சக்தி. ஆகையால் 5 குதிரைச் சக்தி மோட்டார் போதும். நீர்மட்டம் இறங்கி அவ்வுயரம் 40 மீட்டரானால், தக்க பம்பை மாட்டினாலும் அதே சக்திக்குப் பாதி நீரே வரும்.

விற்பனையாளர் இவ்விரண்டு எண்களையும் ரசீதிலேயே எழுதித் தரும்படி கேட்பது முறையானதே. தருவதற்குத் தயங்கும் கடையில் வாங்காதிருப்பது நலம். பம்பை மாட்டிய பின்னர் 200 லிட்டர் பீப்பாய் ஒன்றைக் குழாயின் வாயில் வைத்துக் கடிகாரத்தைப் பார்க்கலாம். விநாடிக்கு 10 லிட்டர் என்று எழுதித் தந்த பம்பு, பீப்பாயை 20 விநாடியில் நிரப்பவேண்டும்.