குடும்பங்களுக்கு முன்னால் குறுகிவரும் வாசல்

2022 நவம்பரில் தென்சீனக் கடலில் தத்தளித்த கப்பலொன்றிலிருந்து இலங்கையர் 303 பேர் மீட்கப்பட்டு வியட்நாமிற்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெண்களும் சிறுவர்களும் இருந்தனர். கனடாவைச் சென்றடையலாம் என்னும் நம்பிக்கையில் முகவர்களிடம் இலட்சக்கணக்கில் பணம் கொடுத்தவர்கள் பலர். ஒருவர் அங்கேயே உயிரிழந்தார். இவ்வாறான செய்தி வெளிவரும் ஒவ்வொரு தடவையும் சட்டபூர்வமாகச் செல்லுங்கள் என அதிகாரிகள் அறிவுறுத்துகின்றனர். அறிவுரையில் தவறில்லை. ஆனால் அந்தச் சட்டபூர்வ வழி எது, அது யாருக்குத் திறந்திருக்கின்றது, மனைவி பிள்ளைகளும் பெற்றோரும் அதன் வழியே செல்ல முடியுமா என்பவற்றை எவரும் விளக்குவதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் முகவர்கள் கடை விரிக்கின்றனர்.

மேற்கு நாடுகளின் குடிவரவுக் கொள்கையில் அண்மைக்காலமாக ஒரு போக்கைக் காண்கின்றோம். உழைப்பவர் வரலாம், அவரது குடும்பம் வருவதுதான் விரும்பப்படுவதில்லை. பிரித்தானியா இதற்குத் தெளிவான உதாரணம். முதியோர் பராமரிப்புத் துறையில் ஆட்பற்றாக்குறை ஏற்பட்டபோது வெளிநாட்டுப் பராமரிப்பாளர்கள் குடும்பத்துடன் வரவேற்கப்பட்டனர். 2024 மார்ச் 11ஆம் திகதியிலிருந்து புதிதாக விண்ணப்பிப்போர் வாழ்க்கைத்துணையையோ பிள்ளைகளையோ உடன் அழைத்துச் செல்ல முடியாதென்றாயிற்று. 2025 ஜூலை 22ஆம் திகதி வெளிநாட்டிலிருந்து அத்துறைக்கு ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது. பதினாறு மாதங்களுள் முதலில் குடும்பத்துக்கும் பின்னர் உழைப்பவருக்கும் கதவு மூடப்பட்டது. மாணவர்களின் நிலையும் இதுவே. ஆய்வுப் பட்டப்படிப்பை மேற்கொள்வோர் போன்ற சிலரைத் தவிர ஏனையோர் 2024 ஜனவரி முதல் குடும்பத்தினரை அழைத்துச் செல்ல இயலாது. "மனைவி பிள்ளைகளுடன் லண்டன்" என்று விளம்பரம் செய்பவர் எந்த ஆண்டின் சட்டத்தைப் பேசுகின்றார் என்று கேட்பது நமது உரிமை.

அங்கு வதிவிட உரிமை பெற்ற ஒருவர் ஊரிலுள்ள மனைவியையோ கணவனையோ அழைப்பதற்கும் வருமான எல்லை உண்டு. 2012 ஜூலையில் ஆண்டுக்கு 18,600 பவுண் என விதிக்கப்பட்ட இந்த எல்லை, 2024 ஏப்ரல் 11ஆம் திகதி 29,000 பவுணாக உயர்த்தப்பட்டது. கடையிலோ எரிபொருள் நிரப்பு நிலையத்திலோ பகுதிநேரமாக உழைக்கும் ஒருவருக்கு இது எட்டாத தொகை. பிரித்தானிய உயர்நீதிமன்றம் 2017இல் இத்தகைய எல்லை விதிப்பது கொள்கையளவில் சட்டபூர்வமானதே எனக் கூறியபோதிலும், பிள்ளைகளின் நலன் போதியளவு கவனிக்கப்படவில்லை எனச் சுட்டிக்காட்டியது. எல்லையைக் குறைக்க இடமுண்டு என்று அரசின் குடிவரவு ஆலோசனைக்குழு 2025 ஜூனில் அறிக்கையிட்டது. கலியாணத்துக்குச் சாதகம் பார்த்தது போக, இப்போது மாப்பிள்ளையின் சம்பளப் பட்டியலையும் பார்க்க வேண்டியதாயிற்று.

கனடாவின் ஏற்பாடு வேறுவிதமானது. வாழ்க்கைத்துணையை ஸ்பொன்சர் செய்வதற்குப் பொதுவாக வருமான எல்லை அங்கில்லை. மூன்றாண்டுகளுக்குப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றல் வேண்டும். ஆனால் அங்குள்ள ஒரு விதி நம்மவர் பலரது வாழ்வைக் குலைத்திருக்கின்றது. நிரந்தர வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிப்பவர் தமது குடும்ப உறுப்பினர் அனைவரையும், உடன் வராதவர்களையும் சேர்த்து, அறிவித்தல் வேண்டும். அறிவிக்காது விடப்பட்டு, அதனால் பரிசீலனைக்கு உட்படாத மனைவியையோ பிள்ளையையோ பின்னர் குடும்ப வகுப்பில் அழைக்க முடியாது. 2019 முதல் சில பிரிவினருக்குத் தற்காலிகச் சலுகை வழங்கப்பட்டதேயன்றி விதி நீக்கப்படவில்லை.

நமது ஊர்களில் நடப்பது என்ன? தனியாள் என்று போட்டால் விரைவில் கிடைக்கும், மனைவியைப் பிறகு பார்க்கலாம் என்கின்றார் முகவர். வேறு சிலர் விசா கைக்கு வந்தபின், பயணத்துக்கு முன்னர் அவசரமாக விவாகத்தைப் பதிவு செய்கின்றனர். விமான நிலையத்தில் அதனைச் சொல்லாது விடுகின்றனர். சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். அந்த ஒரு மௌனத்தின் விலையை ஊரில் இருக்கும் மனைவியே ஆண்டுக்கணக்கில் செலுத்துகின்றாள். சட்டம் கடுமையானது என்பது உண்மை. ஆனால் முன்கூட்டியே அறிந்திருந்தால் இந்தப் பிரிவு நேர்ந்திருக்காது என்பதும் உண்மையே.

பெற்றோர் விடயத்தில் நிலைமை இன்னும் வேதனையானது. பிரித்தானியாவில் 2012ஆம் ஆண்டின் மாற்றங்களுக்குப் பின்னர் முதிய பெற்றோரை நிரந்தரமாக அழைக்கும் வழி பெயரளவிலேயே இருக்கின்றது. கனடாவில் மூன்றாண்டு வருமானத்தை நிரூபித்து, கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் இருபதாண்டுப் பொறுப்பேற்க ஆயத்தமாக இருந்தாலும், குலுக்கலில் பெயர் வரவேண்டும். 2021 முதல் 2025 வரை அழைக்கப்பட்டவர்கள் 2020இல் விருப்பம் தெரிவித்தவர்களே. அவ்வாண்டு படிவம் நிரப்பத் தவறியவர்களுக்கு அந்த வாய்ப்பும் இருக்கவில்லை. எஞ்சியிருப்பது சூப்பர் விசா. 2022 ஜூலை முதல் ஒரு தடவையில் ஐந்தாண்டுகள் வரை தங்குவதற்கு இது இடமளிக்கின்றது. குறைந்தது ஒரு இலட்சம் டொலருக்கான மருத்துவக் காப்புறுதி கட்டாயம். நிரந்தர வதிவிடத்துக்கு இது ஈடாகாது. ஆயினும் பேரப்பிள்ளையைத் தொலைபேசித் திரையில் மட்டும் கண்டவர்களுக்கு இது சிறிய காரியமன்று.

நமது அரசு செய்யக்கூடியது எதுவுமில்லையா? 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அலுவலர்கள் பிரதேச செயலகங்கள் வரை பணியாற்றுகின்றனர். அவர்களது கவனமெல்லாம் மத்திய கிழக்குத் தொழில்வாய்ப்புகளின் மீதே இருக்கின்றது. குடும்ப இணைவுக்காகச் செல்வோருக்கு வழிகாட்ட அங்கு ஒருவரில்லை. இந்நாடுகளின் நடைமுறையிலுள்ள விதிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, மாற்றம் வரும்போதெல்லாம் திருத்தி, பிரதேச செயலகங்களிலும் விவாகப் பதிவாளர்களிடமும் வைப்பதற்குப் பெருஞ்செலவு ஏற்படாது. விவாகத்தைப் பதிவு செய்ய வருபவரிடம், வெளிநாட்டு விண்ணப்பம் ஏதும் நிலுவையில் உள்ளதா, இதனை அவர்களுக்கு அறிவித்தீர்களா என்று பதிவாளர் கேட்டாலே பல குடும்பங்கள் தப்பும்.

கனேடிய குடிவரவு விடயங்களில் கட்டணம் பெற்று ஆலோசனை வழங்க, சட்டத்தரணிகளுக்கும் அந்நாட்டின் ஆலோசகர் கல்லூரியில் பதிவு பெற்றவர்களுக்கும், கியூபெக் நொத்தாரிசுகளுக்குமே அனுமதியுண்டு. அப்பதிவேடுகளை எவரும் இலவசமாகப் பார்வையிடலாம். காணியை ஈடு வைக்க உறுதியை எடுக்கும் முன்னர், முகவரின் பெயர் அங்கே இருக்கின்றதா என வீட்டிலுள்ள படித்த பிள்ளையைக் கொண்டு ஒருதடவை பார்க்கச் செய்யுங்கள்.