தூங்கும் அறையில் பேட்டரி சார்ஜ்: எமனை வீட்டுக்குள் கூப்பிடும் வேலை!

விளாத்திகுளம்,-

காலையில் சாவியைத் திருப்பினால் "டக்... டக்..." என்று ஒரு சத்தம். அதோடு சரி. வண்டி கிளம்பாது. ஹார்னை அமுக்கினால் சளி பிடித்த தொண்டை மாதிரி முனகும். "பேட்டரி டவுன் அண்ணாச்சி, இறங்கித் தள்ளுங்க" என்று பக்கத்துக் கடையில் இருந்து ஒரு குரல் வரும்.

விளாத்திகுளம் பஜாரில் இது புதுக் காட்சி அல்ல. வத்தல் மூட்டை ஏற்றும் மினி லாரி, கரி ஏற்றும் வேன், உழவு டிராக்டர், கல்யாணம் காட்சிக்கு மட்டும் வெளியே வரும் கார் என்று எல்லா வண்டிக்கும் உயிர் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. அந்தப் பெட்டியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து சார்ஜ் போடுகிறவர்கள் உண்டு. "ராத்திரி போட்டுட்டுப் படுத்தா விடியக்காலம் ஏறிடும்" என்பார்கள்.

அந்த "போட்டுட்டுப் படுத்தா" என்ற வார்த்தையில்தான் ஆபத்து இருக்கிறது.

வேலூரில் நடந்த பரிதாபம்

வேலூர் சின்ன அல்லாபுரத்தில் 2022-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி இரவு நடந்த சம்பவத்தைத் தமிழ்நாடு மறந்திருக்காது. அங்கே ஒருவர் புதிதாக மின்சார ஸ்கூட்டர் வாங்கியிருந்தார். இரவு வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போனார். நள்ளிரவுக்குப் பிறகு வண்டி தீப்பிடித்தது. புகை வீடு முழுக்கச் சூழ்ந்தது. தப்பிக்க வழி இல்லாமல் தகப்பனும் 13 வயது மகளும் மூச்சுத்திணறி இறந்தார்கள். நெருப்புக்குத் தப்பினவர்களைப் புகை கொன்றது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் மாதம் விஜயவாடாவில் ஒருவர் ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றிப் படுக்கை அறையில் சார்ஜ் போட்டார். அது வெடித்ததில் அவர் இறந்தார். மனைவி, குழந்தைகள் காயம் அடைந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி செகந்திராபாத்தில், மின்சார ஸ்கூட்டர் ஷோரூமில் பிடித்த தீயின் புகை மேலே இருந்த லாட்ஜுக்குள் ஏறி 8 பேர் பலி ஆனார்கள்.

மூன்று இடத்திலும் ஆட்கள் இருந்த இடத்துக்குப் பக்கத்திலோ கீழேயோ பேட்டரி இருந்தது. புகை வந்தபோது வெளியே ஓட வழி கிடைக்கவில்லை.

"அது வேற பேட்டரி" என்று சொல்லலாமா?

"அதெல்லாம் லித்தியம் பேட்டரி. நம்ம கார் பேட்டரி ஆசிட் பேட்டரி. அது எங்கே வெடிக்கப் போகுது?" என்று கேட்பவர்கள் உண்டு. பாதிதான் சரி.

பெட்ரோல், டீசல் கார்களிலும் டிராக்டரிலும் இருப்பது ஈயமும் கந்தக அமிலமும் சேர்ந்த பேட்டரி. பிரான்சைச் சேர்ந்த பிளாந்தே என்ற விஞ்ஞானி 1859-ல் கண்டுபிடித்தது. உள்ளே 6 அறைகள். ஒவ்வொன்றிலும் 2 வோல்ட்டுக்குக் கொஞ்சம் அதிகம். சேர்ந்து 12 வோல்ட். லித்தியம் மாதிரி இது தானாகக் கொதித்து எரியாது. அது உண்மை.

ஆனால் இதற்கு வேறு குணம் உண்டு. சார்ஜ் நிறைய நிறைய, உள்ளே இருக்கும் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயு வெளியே வரும். நிறம் கிடையாது, மணம் கிடையாது. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே போதும், ஒரு பொறி பட்டால் வெடித்துவிடும். பேட்டரி ஓடு சிதறி ஆசிட் முகத்தில் அடிக்கும்.

சமையல் கேஸ் கசிந்தால் தரையோடு தங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஹைட்ரஜன் அப்படி அல்ல. காற்றைவிட லேசானது. நேரே மேலே ஏறி முகட்டில் தங்கும். ஜன்னல் சாத்திய அறையில் அது போக இடம் இல்லை. அங்கே சாமி விளக்கு எரியலாம். ஊதுபத்தி புகையலாம். ஒருவர் பீடி பற்றவைக்கலாம். பேன் சுவிட்சைத் தட்டும்போதும் ஒரு சின்னப் பொறி வரும். அதுவே போதும்.

ஆக, ஒன்று வாயுவால் கெடுக்கிறது, மற்றது சூட்டாலும் புகையாலும் கெடுக்கிறது. இரண்டுக்கும் பரிகாரம் ஒன்றுதான். காற்றோட்டமான இடம், விழித்திருக்கும் நேரம், பொருத்தமான சார்ஜர்.

எங்கே வைப்பது?

வராந்தா, திண்ணை, போர்டிகோ, திறந்த ஷெட் நல்லது. வெயில் நேரே அடிக்கக் கூடாது. மழை படக் கூடாது. வெளியே போகும் வாசலை அடைத்து வைக்கக் கூடாது. மாடிப்படிக்கு அடியிலும் கூடாது. தீ பிடித்தால் அந்த வழியாகத்தான் ஓட வேண்டும்.

அடுப்பு, விளக்கு, கேஸ் சிலிண்டர் எதுவும் பக்கத்தில் வேண்டாம். பிள்ளைகளும் ஆடு, கோழியும் வராத இடமாக இருக்கட்டும். மிளகாய் வத்தல், சாக்கு, வைக்கோல் குவித்த கொட்டகையில் வைப்பது நெருப்போடு விளையாடுவது.

எப்படிப் போடுவது?

பேட்டரியைத் தொடும் முன்னால் கையில் இருக்கும் மோதிரம், காப்பு, வாட்சைக் கழற்ற வேண்டும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது சரி. ஆனால் ஸ்பேனரோ மோதிரமோ இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டுவிட்டால் இரும்பே பழுத்துவிடும். விரலோடு மோதிரம் வெந்துபோகும்.

வண்டியில் இருந்து கழற்றும்போது முதலில் மைனஸ், அடுத்து பிளஸ். திரும்ப மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் துடைத்துக் காயவைக்க வேண்டும். அந்தத் தண்ணீர் செல்லுக்குள் போகாமல் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும்.

மூடி உள்ள பேட்டரி என்றால் துடைத்த பிறகு திறந்து பார்க்கலாம். உள்ளே பிளேட் வெளியே தெரிந்தால், அது மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விடலாம். குறி அளவுக்கு நிரப்புவது சார்ஜ் ஏறிய பிறகுதான். முதலிலேயே நிரப்பினால் பொங்கி வழியும். கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர் கூடவே கூடாது. அதில் உள்ள உப்பு பிளேட்டைத் தின்றுவிடும். வீட்டில் யாரும் ஆசிட் ஊற்றக் கூடாது. அது கடைக்காரர் வேலை.

சார்ஜர் சுவிட்ச் ஆப் ஆக இருக்க வேண்டும். சிவப்பு கிளிப் பிளஸில், கறுப்பு கிளிப் மைனஸில். இரண்டும் இறுக்கமாகப் பிடித்ததா என்று பார்த்த பிறகுதான் சுவிட்ச் போட வேண்டும். எடுக்கும்போது முதலில் சுவிட்ச் ஆப், பிறகு கிளிப். இதை மாற்றிச் செய்தால் கிளிப்பில் பொறி பறக்கும். வாயு நிறைந்திருக்கும் நேரமும் அதுதான்.

எத்தனை ஆம்பியர்? பேட்டரி மேலே எழுதியிருக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கு. சின்னக் காரின் 35 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு மூன்றரை ஆம்பியர். டிராக்டரின் 80-க்கு 8 ஆம்பியர். முழுக்க இறங்கிய பேட்டரிக்கு 10 முதல் 12 மணி நேரம் ஆகும். காலையில் போட்டால் சாயந்திரம் எடுத்துவிடலாம். "சீக்கிரம் ஏறட்டும்" என்று கூட்டி வைத்தால் பேட்டரி கொதிக்கும், வாயு அதிகம் வரும், பிளேட் வளையும்.

நிறைந்ததும் தானே நிற்கும் ஆட்டோமேட்டிக் சார்ஜர் நல்லது. லாரிக்கு உள்ள 24 வோல்ட் சார்ஜரைக் காரின் 12 வோல்ட் பேட்டரிக்குக் கொடுக்கவே கூடாது. சார்ஜை எடுத்துச் சில மணி நேரம் ஆறிய பிறகு அளந்தால், நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இறங்கினால் அது சார்ஜைத் தாங்கவில்லை. பலமுறை போட்டும் அப்படியே என்றால் மாற்ற வேண்டியதுதான்.

ஓடு உப்பியது, வெடிப்பு விட்டது, ஒழுகுவது, அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது என்றால் அந்த பேட்டரிக்கு வீட்டில் சார்ஜ் கிடையாது.

கண்ணில் ஆசிட் பட்டால்?

எண்ணெய், வெண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு, கண்ணைத் திறந்து வைத்து, குறைந்தது கால் மணி நேரம் தண்ணீரால் கழுவ வேண்டும். பிறகு ஆஸ்பத்திரி. 108-க்குப் போன் போடலாம். தீ என்றால் ஆட்களை வெளியே கொண்டுவருவது முதல் வேலை. பிறகு 101. வண்டியைக் காப்பாற்ற உள்ளே ஓடக் கூடாது.

வெள்ளமும் ஊரடங்கும் சொன்ன பாடம்

2020 மார்ச் 25-ல் தொடங்கிய ஊரடங்கில் நின்ற கார்கள் பல வாரம் அசையவில்லை. திறக்கும்போது பேட்டரி செத்துக் கிடந்தது. நிற்கும் காரிலும் கடிகாரம், அலாரம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டினாலே சார்ஜ் போடும் வேலை பெரும்பாலும் மிச்சம்.

2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தை வெள்ளம் புரட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தெருவில் நின்ற வண்டிகள் மூழ்கின. தண்ணீரில் கிடந்த பேட்டரியைத் துடைத்துவிட்டு நேரே சார்ஜ் போடுவது தவறு. மெக்கானிக் பார்த்த பிறகுதான் போட வேண்டும். நனைந்த சுவரில் உள்ள பிளக்கும் அப்படித்தான். பேட்டரி 12 வோல்ட். ஆனால் சார்ஜர் குடிப்பது 230 வோல்ட். உயிரை எடுப்பது அதுதான். மின்கசிவு வந்தால் தானே அணைக்கும் கருவி வீட்டில் இருப்பது அவசியம்.

நாளைக்கு வரும் சோதனை

இதே மாவட்டத்தில் வியட்நாமின் வின்பாஸ்ட் மின்சார கார் தொழிற்சாலைக்கு 2024 பிப்ரவரி 25-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2025 ஆகஸ்டு 4-ந் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அதைத் திறந்து வைத்தார். தொடக்கத்தில் ஆண்டுக்கு 50 ஆயிரம் கார் தயாரிக்கும் திறன். அந்த கார்கள் இந்தப் பக்கத்துத் தெருக்களுக்கும் வரும்.

அப்போது கேள்வியே மாறும். 60 யூனிட் பிடிக்கும் பேட்டரிக்கு, 3 கிலோவாட் இழுக்கும் வீட்டு பிளக்கில் முழு சார்ஜ் ஏற 20 மணி நேரம் ஆகும். மிக்ஸி அஞ்சு நிமிஷம் ஓடும். இது ஒரு பகலும் இரவும் நிற்காமல் இழுக்கும். 30 வருஷத்துப் பழைய ஒயர், தளர்ந்த சாக்கெட், பெயருக்கு உள்ள எர்த் இதைத் தாங்காது. மீட்டரில் இருந்து தனி ஒயர், தனி சுவிட்ச், சரியான எர்த் போட்ட பிறகுதான் மின்சார வண்டி. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகுவது கூடாது.

2022 சம்பவங்களுக்குப் பிறகு மத்திய அரசு பேட்டரி சோதனை விதிகளை இறுக்கியது. அவை அந்த ஆண்டு டிசம்பர் 1-ந் தேதியும் 2023 மார்ச் 31-ந் தேதியுமாக இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தன. பேட்டரி எப்படி இருக்க வேண்டும் என்று அரசு சொல்லிவிட்டது. வீட்டுச் சுவரில் உள்ள சாக்கெட்டை யார் சோதிப்பது? அது வீட்டுக்காரர் பொறுப்பாகவே நிற்கிறது. விதி இறுகியும் ஆபத்து முழுக்கத் தீராததற்குக் காரணம் இதுதான்.

பேட்டரி கடையில் சார்ஜ் போடக் கொடுத்தால் ஒரு நாள் வண்டி நிற்கும். கொஞ்சம் காசு போகும். வீட்டில்தான் போடுவேன் என்றால் பகலில் போடுங்கள், வெளியே போடுங்கள், விழித்திருந்து போடுங்கள். ராத்திரி படுக்கப் போகும் முன்னால் சார்ஜர் சுவிட்சை ஆப் செய்தாயிற்றா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். வண்டி காலையில் கிளம்பாவிட்டால் தள்ளிக்கொள்ளலாம்.