"இது நாய்க்கறி இல்லையே?"ன்னு கேட்ட புண்ணியவான்களுக்கு

நான் பொட்டி தட்டிப் பொழைக்கிறவன். போன வருஷம் மூணு வாரம் ஹோசிமின் சிட்டிக்கு (பழைய சைகோன்தான்) அனுப்பிச்சாங்க. மொத்தம் ஆறு பேர். எங்க பெட்டிங்களைத் திறந்தா சின்னதா ஒரு மளிகைக் கடையே வெச்சிருக்கலாம். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, உப்புமா பாக்கெட்... என் பெட்டியும் விதிவிலக்கு இல்ல. முதல் வாரம் பூரா ராத்திரி சாப்பாடு இந்தியன் ஓட்டல்லதான்.

ரெண்டாவது வாரம், அந்த ஊர் ஆபீஸ்ல எங்களோட வேலை பாக்குற தோழி, தனக்கு ரொம்பப் பிடிச்ச கடைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஆசையா பான் சேயோ சொன்னாங்க. தட்டு வந்ததும் நம்மாளு ஒருத்தர் சத்தமா, "இது நாய்க்கறி இல்லையே?"ன்னு இங்கிலீஷ்ல கேட்டார். எல்லாரும் சிரிச்சோம். நானும்தான். அவங்களும் சிரிச்சாங்க. அப்புறம் எதுவும் பேசாம சாப்பிட்டு, பில்லும் அவங்களே குடுத்தாங்க.

அந்த சிரிப்பு இன்னும் உறுத்துது. அதான் இதை எழுதறேன்.

முதல்ல நாய் மேட்டர். அங்க நாய்க்கறி சாப்பிடறவங்க இருக்காங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா அது தனிக் கடையில விக்கிற சமாச்சாரம். 2018-ல ஹனோய் நகர நிர்வாகமே அதை விட்டுடுங்கன்னு மக்களைக் கேட்டுக்கிச்சு. யாரும் உங்க தட்டுல திருட்டுத்தனமா போட மாட்டாங்க சாமி.

அடுத்தது, "வெஜிடேரியனுக்கு அங்க ஒண்ணுமே கிடைக்காது." சுத்தப் பொய். "சாய்" அப்படின்னு போர்டு இருந்தா சைவக் கடை. பௌத்தர்கள் நிறைய பேர் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி சைவம்தான் சாப்பிடுவாங்க. நம்ம வீட்டு அமாவாசை சமையல் மாதிரியேதான். "சாய்"னு ஒரு வார்த்தை கத்துக்க சோம்பேறித்தனம், பழி மட்டும் அந்த ஊர் மேல!

மூணாவது, நாத்தம். நுவொக் மாம்ங்கறது நெத்திலியையும் உப்பையும் சேர்த்து மாசக்கணக்குல ஊற வெச்சு எடுக்குற சாறு. கருவாட்டுக் குழம்பு ஊத்தி ரெண்டு தட்டு சோறு இறக்குறவர் இதுக்கு மூக்கைப் பிடிச்சா, என்னத்த சொல்ல? (சுத்த சைவக்காரங்களுக்கு அந்தப் பயம் நியாயம். அவங்களுக்குத்தான் மேலே சொன்ன போர்டு.)

"அட, நம்ம தோசை!"ன்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு. பான் சேயோ தோசை இல்ல. உளுந்தும் கிடையாது, மாவைப் புளிக்க வைக்கிறதும் கிடையாது. அரிசி மாவு, மஞ்சள், தெற்குப் பக்கம்னா தேங்காய்ப்பால். சட்டியில ஊத்தும்போது வர்ற "சேயோ" சத்தம்தான் பேரே. உள்ள எறாலும் பன்னிக்கறியும் முளைகட்டின பயறும். பிச்சு, பச்சைக் கீரைல சுருட்டி, தொட்டுக்கிட்டு சாப்பிடணும். இது எனக்கு எப்போ தெரிஞ்சுதுன்னா, அடுத்த சனிக்கிழமை தனியா அதே கடைக்குப் போனப்போ. வெட்கமா இருந்துச்சு, அவ்ளோ நல்லா இருந்துச்சு.

மறுநாள் இன்னொரு கடையில கா ரி கா, அதாவது கோழிக்கறி. தேங்காய்ப்பால், எலுமிச்சைப் புல், சக்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் போட்டு, தொட்டுக்க பிரெஞ்சு ரொட்டி. பிரெஞ்சுக்காரன் காலத்துல பாண்டிச்சேரி, காரைக்கால், செட்டிநாட்டுப் பக்கத்துலேர்ந்து போன நம்மாளுங்க அங்க வாழ்ந்திருக்காங்க. அவங்க மாரியம்மன் கோயில்ல இன்னிக்கும் அந்த ஊர்க்காரங்க ஊதுபத்தி ஏத்தி கும்பிடறாங்க. நம்ம சாமியை ஏத்துக்கிட்ட ஊரு. நாம அவங்க தட்டைப் பாத்து நாயான்னு கேக்கறோம்.

கிளம்புறதுக்கு முதல் நாள் அந்தத் தோழிகிட்ட சாரி சொன்னேன். "எதுக்கு?"ன்னாங்க. எதுக்குன்னு அவங்களுக்குத் தெரியும். முகத்துல தெரிஞ்சுது.

பிடிக்கலைன்னா சாப்பிடாதீங்க, யாரும் வாயில திணிக்கப் போறதில்ல. பருப்புப்பொடியும் தாராளமா எடுத்துட்டுப் போங்க. ஆனா ஒருத்தர் ஆசையா வாங்கிக் குடுக்கும்போது அந்தக் கேள்வியை மட்டும் கேக்காதீங்க. யாராவது கேட்டா, கூட சேர்ந்து சிரிக்காதீங்க.