மாத்திரைக்குள் ஒரு கல்லூரி

உறைமோர் வாங்க வந்த பக்கத்து வீட்டு மாமி, கிண்ணத்தை நீட்டாமல் யோசனையாகவே நின்றார். பெண்ணுக்கு பி.ஃபார்ம். சீட் கிடைத்திருக்கிறதாம். "நாலு வருஷம் படிச்சுட்டு மருந்துக் கடையில மாத்திரை எடுத்துக் கொடுக்கத்தானே? அதுக்கா இவ்வளவு செலவு?" என்றார்.

எனக்கும் ஒரு காலத்தில் அதே நினைப்புத்தான். என் அக்கா மகள் வந்து என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கும் வரை!

என் மாமியாருக்கு மாத்திரை விழுங்க வராது. ரத்த அழுத்த மாத்திரையைப் பொடித்து, தேனில் குழைத்துக் கொடுத்து வந்தேன். கெட்டிக்காரத்தனம் என்று பெருமை வேறு. கொடுத்துக் கொஞ்ச நேரத்தில் அவர் தலை சுற்றுகிறதென்று சுவரைப் பிடிப்பார். லீவுக்கு வந்தவள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "சித்தி, பேருக்குப் பக்கத்துல எஸ்.ஆர்.னு போட்டிருக்கே! நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா இறங்க வேண்டிய மருந்தை ஒரே வாயில இறக்கிட்டீங்களே!" டாக்டரிடம் ஓடினோம். வேறு மாத்திரையாக மாற்றித் தந்தார்.

அந்தக் 'கொஞ்சம் கொஞ்சமாக' என்பதற்கே கல்லூரியில் தனித் துறை இருக்கிறது. ஃபார்மசூட்டிக்ஸ் என்று பெயர். மருந்தை மாத்திரையாக, சிரப்பாக, களிம்பாக வடிவமைப்பது அவர்கள் வேலை. வயிற்றில் கரையாமல் குடலில் போய்க் கரையும்படி மேல்பூச்சுப் பூசுவதும் அவர்களே. அட்டையில் எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.எல். என்று கண்டால் பொடிக்காதீர்கள். எழுத்து எதுவும் இல்லாவிட்டாலும் கேட்டுவிட்டே பொடியுங்கள்.

மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று பார்ப்பது ஃபார்மகாலஜி. இதன் அருமைக்கு ஒரு கொடுமையான கதை உண்டு. 1937-இல் அமெரிக்காவில் நல்ல மருந்தொன்றைத் தித்திப்பான ஒரு திரவத்தில் கரைத்து விற்றார்கள். அந்தத் திரவம் விஷம். யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. 100 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் பல குழந்தைகள். மறு வருஷமே அங்கே சட்டம் வந்தது. மருந்தில் என்ன கலந்திருக்கிறது என்று அளந்து பார்க்கும் அனாலிசிஸ் துறையை நான் கும்பிடுவது இதனால்தான்.

செடி கொடிகளுக்கும் ஒரு துறை, ஃபார்மகாக்னசி. நம் வாசலில் பூக்கும் நித்யகல்யாணியை 1950-களில் கனடாவில் சர்க்கரை வியாதிக்கு ஆகுமா என்று ஆராய்ந்தார்கள். கிடைத்ததோ புற்றுநோய் மருந்து! அதே செடியிலிருந்து வரும் வின்கிறிஸ்டின்தான் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் தரப்படுகிறது. உடனே இலையைப் பறித்துக் கஷாயம் போட்டுவிடாதீர்கள், அது நச்சுச் செடி.

அக்கா மகள் படிப்பது ஃபார்ம்.டி. 2008-இல் நம் நாட்டில் தொடங்கிய 6 வருஷப் படிப்பு. கடைசி வருஷம் முழுக்க ஆஸ்பத்திரியில் பயிற்சி. அவள் கைக்குழந்தைக்காரிகளிடம் ஓயாமல் சொல்வது ஒன்றுதான். பாரசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பிலோ பெரும்பாலும் 5 மில்லிக்கு 125. சிரப் அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் நாலு மடங்கு! பாட்டில் மாறினால் அளவையும் கேளுங்கள், வீட்டு ஸ்பூனை நம்பாதீர்கள்.

மாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அந்த எஸ்.ஆர். அட்டையில எந்தப் பக்கம் போட்டிருக்கும்?" என்றவர், பதிலுக்குக்கூட நிற்காமல் வீட்டுக்கு விரைந்தார். கிண்ணம் என் சமையல் மேடையிலேயே இருக்கிறது.