கயிற்றை அறுத்தால் போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. திட்டுவதாக இருந்தாலும் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

என் பழைய மாணவி ஒருத்தி கீழ்நாட்டில் ஒரு பள்ளியில் டீச்சர். ஆண்டு விழாவுக்காகக் கீழ்வெண்மணி பற்றி ஒரு சின்ன நாடகம் தயார் செய்திருந்தாள். "பழைய புண்ணை எதுக்குக் கிளறணும், பிள்ளைங்க மனசு கெட்டுப்போகும்" என்று நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதில் சினிமாப் பாட்டுக்கு டான்ஸ். போனில் அழுதாள். இதை நம் குடும்ப குரூப்பில் சொன்னதற்கு, "நல்லதுதானே மாமா, எதுக்கு வம்பு?" என்றீர்கள் சிலர். உங்களுக்குத்தான் இந்தப் பதில்.

1968 டிசம்பர் 25. கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்காக வந்த பகை. அடியாட்களுக்குப் பயந்து ஒரு சின்னக் குடிசைக்குள் ஒளிந்தவர்கள்மேல் தீ வைத்தார்கள். 44 பேர் வெந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். தண்டனை பெற்ற நிலக்கிழார் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார். நம் தமிழ்நாட்டில் நடந்ததை நம் பிள்ளைகளிடம் சொல்லக்கூடாதா?

பிள்ளை மனசு கெடும் என்கிறீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது? பிளஸ் டூ படித்த ஒரு பையனையும் தடுக்க வந்த தங்கையையும், வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள்தான். அவர்கள் எந்த நாடகத்தைப் பார்த்துக் கெட்டார்கள்? சாதி பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். அடுத்தவன் வலிதான் தெரியாது.

அதன்பிறகு நீதியரசர் சந்துரு குழு, கையில் கலர் கயிறு கட்டத் தடை வேண்டும் என்றது. சரியான பரிந்துரை. ஆனால் கயிற்றை அறுத்துவிடலாம், மனசில் கட்டியிருக்கும் கயிற்றை எந்தக் கத்தரிக்கோலால் அறுப்பது? தீண்டாமை பாவம், குற்றம் என்று பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. நானும் வருஷா வருஷம் படிக்கச் சொன்னேன். பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்கள். மத்தியானம் சாப்பாட்டுக்கு இரண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னை விடவில்லை.

பிறகு ஒரு வருஷம் தாகூரின் 'தபால் நிலையம்' நாடகத்தை வகுப்பில் போட்டோம். ஜமுக்காளம்தான் திரை. நோயில் அறைக்குள்ளேயே கிடக்கும் சிறுவன் அமல். ஜன்னல் வழியே அவனோடு பேசும் தயிர்க்காரர். தள்ளி உட்காருகிற பையனைத் தயிர்க்காரராகப் போட்டேன். அவன் யாரிடமிருந்து தள்ளி உட்கார்ந்தானோ, அவன்தான் அமல். சாதி ஒழிந்துவிட்டது என்று புளுக மாட்டேன். ஆனால் ஒத்திகை முடிந்த ஒருநாள் அவன் கேட்டான்: "சார், அமலை ஏன் யாருமே வெளியே கூட்டிட்டுப் போகல?" என் இத்தனை வருஷ உறுதிமொழியில் ஒரு பிள்ளைகூட அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

அதே நாடகத்தை 1942 ஜூலையில், வார்சா நகரில் நாஜிகள் யூதர்களை மதில் கட்டி அடைத்த பகுதியில், அனாதைக் குழந்தைகள் நடித்தார்கள். நடத்தச் சொன்னவர் யானுஷ் கோர்ச்சாக், மருத்துவர், ஆசிரியர். சில வாரங்களில் ஏறத்தாழ 200 குழந்தைகளோடு அவரையும் ட்ரெப்ளிங்காவுக்கு ரயில் ஏற்றினார்கள். தான் மட்டும் தப்பிக்க வழி இருந்தும் அவர் பிள்ளைகளை விட்டுப் போகவில்லை. இன்று உலகம் ஜனவரி 27 அன்று அந்தப் படுகொலையை நினைவுகூர்கிறது. ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகளை அந்த முகாம்களுக்கே கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். அவர்கள் மனசு கெட்டா போயிற்று?

புண்ணை மூடி வைத்தால் ஆறாது, சீழ்தான் பிடிக்கும். பூண்டு போடுகிற நம் மலைக்காரர்களுக்குத் தெரியும்: அழுகலைப் பொறுக்கி எடுக்காவிட்டால் மூட்டையே போய்விடும்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களே, வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுங்கள். மேடை தராவிட்டால் வகுப்பறையில் போடுங்கள். பெற்றோர்களே, வருகிற டிசம்பர் 25 அன்று கேக் வெட்டிய பிறகு அந்த 44 பேரைப் பற்றிப் பிள்ளைகளிடம் ஐந்து நிமிஷம் பேசுங்கள். நான் தாமதமாகத்தான் பேசினேன். நீங்கள் தாமதிக்காதீர்கள்.

உங்கள் பழைய வாத்தியார்,
மன்னவனூர்